ஆட்டுப்பட்டியும் ஊர்நாயும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

நமது கூட்டங்களில் எடுத்துக்கொள்ளப்பெறும் விஷயங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் கல்விக்கு நிதி சேர்த்தல், குலதெய்வக் கோயில் திருப்பணி, கலியாணச் செலவைக் குறைத்தல் என்னும் இவற்றுள் அடங்கிவிடும். கடைசியிற் சொன்னது எத்தனை காலமாய்ப் பேசப்பட்டு வருகிறதென்பதையும், செலவு எவ்வளவு குறைந்ததென்பதையும் நீங்களே அறிவீர்கள். இத்தகைய சபையில் நாயைக் குறித்து ஓர் உபந்நியாசமா என்று திருப்பூர் நகரத்திலிருந்து வந்துள்ள சிலர் புன்னகை புரியலாம். காங்கயம், வெள்ளகோயில், முத்தூர், குண்டடம், மூலனூர் பக்கங்களிலிருந்து வந்திருப்போரில் ஒருவரும் புன்னகை புரியார்.

அப்பக்கங்களில் சில ஆண்டுகளாக நிகழ்ந்து வருவது இது. இராக்காலத்தில் நாய்கள் கூட்டமாய்ச் சேர்ந்து, வேலியின் சந்து வழியே ஆட்டுப்பட்டிக்குள் புகுகின்றன. காட்டு மிருகம் பசிக்கு ஓர் ஆட்டைக் கொண்டு போய்விடும். அதனோடு அதன் காரியம் முடிந்தது. நாய் அப்படியன்று. ஓடுகின்ற ஆட்டைக் கண்டால் துரத்துவதும், துரத்தியதைக் கடிப்பதும், கடித்ததை விட்டு அடுத்ததின் மேற் பாய்வதுமே அதற்கு வேட்கையாகிவிடுகிறது. பட்டிக்குள் அகப்பட்ட செம்மறிக்கு ஓட வழியுமில்லை, எதிர்க்கும் இயல்புமில்லை. ஒரே இரவில் பத்தும் இருபதுமாய் ஆடுகள் மடிகின்றன. சில கழுத்திற் கடியுண்டு மடியும். சில ஒரு மூலையிலே நெருக்குண்டு மூச்சடைத்து மடியும். காயமே படாமல் அச்சத்தினால் மடிவனவும் உண்டு. பிழைத்தவற்றுள் சினையாடுகள் கருவை இழக்கின்றன. மற்றவை பல நாள் மேய்ச்சல் கொள்ளா. விடியலில் பட்டிக்குச் சென்ற குடியானவன் காண்பது இந்தக் காட்சியையே. இறந்த ஆடுகளைச் சாலையிலே கிடத்தி, குடியானவர்கள் மறியல் செய்ததையும், நெடுநாள் முறையீட்டுக்குப் பின் 2025-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் நாய்களாற் கொல்லப்பட்ட கால்நடைகளுக்கு நிவாரணத் தொகை கொடுக்க முன்வந்ததையும் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அது செய்யத் தக்கதே. ஆயினும் பணம் இழப்பை ஒருவாறு ஈடு செய்யுமேயன்றி, அடுத்த அமாவாசையிரவில் பட்டிக்குக் காவல் நில்லாது.

இந்தத் துன்பம் பிற ஜில்லாக்களைக் காட்டிலும் நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு கடுமையாயிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். காரணம் கொறங்காட்டில் இருக்கிறது. நகரத்திலே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கொறங்காடு என்னும் சொல்லே புதிதாயிருக்கக்கூடும். ஆதலின் இரண்டு வார்த்தை சொல்லுவோம். மழை குறைந்த வானம்பார்த்த பூமியை உழுது பயிரிட்டுத் தோற்பதைவிடப் புல்லுக்கு விடுதல் மேல் என்று நம் முன்னோர் கண்டனர். நிலத்தைச் சுற்றிலும் முட்கிளுவையால் உயிர்வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லைப் பரவவிட்டு, நிழலுக்கும் நெற்றுக்குமாக வெள்வேல மரங்களை நிறுத்தினர். அதனுள் காங்கய மாடும் செம்மறியும் மேய்ப்பான் இல்லாமலே மேய்ந்து திரியும். வேலியே மேய்ப்பன். காங்கயம் காளையின் பெயர் நாடெங்கும் பரவினதற்கு இந்தப் புல்லும் ஒரு காரணமாகும். இத்தனை சிக்கனமான, இத்தனை அழகான ஏற்பாடு வேறு எங்கும் உண்டோ என்று ஐயுறத்தக்கது. ஆனால் இதன் பலம் எதுவோ அதுவே இப்போது இதன் பலவீனமாயிற்று. ஆடுகள் இரவிலும் அங்கேயே கிடக்கின்றன, ஆளோ இல்லை.

முன்பு ஆள் இருந்தார். படலைச் சாத்திவிட்டுப் பட்டியோரத்திலே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கும் அப்பாரு ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார். அவர் கையில் ஒரு தடி, தலைமாட்டில் ஒரு லாந்தர், காலடியில் ஒரு நாய். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் அவரைத் தாண்டியே உள்ளே வரவேண்டும். அவருடைய பேரன் இன்று திருப்பூரிலே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவோ, பல்லடத்தில் விசைத்தறி முதலாளியாகவோ, செக்கிங் மேஜைக்கு முன்னாலோ இருக்கிறார். அதைக் குறை கூற வந்தோமல்லோம். வறண்ட பூமியிலிருந்து ஒரு தலைமுறைக்குள் நம்மவர் தொழிலாலே உயர்ந்ததைக் குறை கூறுவது நன்றிகெட்டதனமாகும். இரவுக் காவலை நாம் கைவிட்டதும், அதற்கு ஈடாக வேறொன்றும் வையாததும் மட்டுமே இங்கு கவனிக்கத் தக்கவை. கூலி கொடுத்து ஆள் வைக்கலாமென்றாலோ, கம்பெனியில் ஓவர்டைம் கிடைக்கும் ஊரில் பட்டிக்காவலுக்கு யார் வருவார்?

நிற்க. இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? பூமியிலிருந்து முளைத்தனவோ? ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ அறுபத்துமூன்று நாளிற் குட்டி ஈனும்; ஆண்டில் இரண்டு ஈற்றுக் கொள்ளும்; ஓர் ஈற்றுக்கு நாலும் ஐந்தும் குட்டிகள். அக்குட்டிகள் எல்லாம் பிழைப்பது இயற்கையில் அரிது. பிழைக்கின்றனவென்றால் யாரோ சோறிடுகிறார்கள் என்பது கருத்து. அந்த யாரோ நாமே. அவசரப்பட்டு மறுக்க வேண்டாம், கேளுங்கள்.

பல்லடத்தைச் சுற்றிலும் கறிக்கோழிப் பண்ணைகள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுட் பல நம் குலத்தாருடையவை. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரு கொட்டகையில் வளர்த்தால் நாள்தோறும் சில சாவது இயல்பு. அவற்றைக் குழியிற் புதைக்க வேண்டுமென்பது பண்ணை வைத்திருப்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், சாக்கிற் கட்டி இரவோடிரவாக இட்டேரியிலோ, வற்றின ஓடையிலோ, பாறைக்குழியிலோ எறிந்துவிட்டுப் போகின்றவர் இல்லையா? கோழிக்கடைகளின் குடலும் சிறகும் அவ்வாறே ஊர்ப்புறத்திற் கொட்டப்படுகின்றன. இரத்த வாடையும் இறைச்சிச் சுவையும் நாய்க்கு அங்கேதான் பழகுகின்றன. செத்த கோழியைக் கூட்டமாய்ச் சேர்ந்து கிழித்துத் தின்று வளர்ந்த நாய், ஒருநாள் சாக்கு வராமற்போனால் அடுத்த வேலிக்குள் எட்டிப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

இரண்டாவது, நம்முடைய கலியாண மண்டபங்கள். முகூர்த்த நாளிலே ஓர் இலைக்கு எத்தனை பதார்த்தம் என்பதிற் போட்டி. அதிற் பாதி இலையோடே மண்டபத்தின் பின்புறம் போகிறது. மூன்றாவது, சொல்லக் கூசுகிறது, கோயில் கிடாவெட்டு. தெய்வத்துக்கு நேர்ந்த கடனை முறையாகச் செலுத்துகிறோம். விருந்து முடிந்ததும் குடலையும் எலும்பையும் கோயிற்காட்டிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறுகிறோம். அந்தக் கோயிற்காட்டைச் சுற்றியுள்ள பட்டிகளின் கதி என்னாகும் என்று எந்தப் பங்காளியும் கேட்டதில்லை.

நாலாவது, நம் தோட்டத்து நாய்களே. தோட்டத்துச் சாலையில் ஒரு நாய் கட்டியிருப்பது காவலுக்கு வேண்டியதுதான். அது பெட்டையாயிருந்து குட்டி போட்டால், கடுவன் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சாக்கிலே கட்டிக் காங்கயம் ரோட்டில் ஒரு டீக்கடையருகே இறக்கிவிட்டு வருவது வழக்கமாயிருக்கிறது. அப்படி இறக்கிவிடப்பட்டவையும் அவற்றின் சந்ததியும் தான் இன்று கூட்டமாய் வருகின்றவை. கட்டியிருக்கும் நாயையோ, அவிழ்த்துவிட்டால் இரவில் அதுவும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வேட்டைக்குப் போய், விடியற்காலையில் ஒன்றும் அறியாததுபோல் வாசலிலே வந்து படுத்துக்கொள்ளும். தன் நாய் அப்படிச் செய்யாது என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வர்.

இனி நகரத்தைப் பார்ப்போம். திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2009-இல் தனி ஜில்லாவின் தலைநகருமாயிற்று. பெயர் உயர்ந்த வேகத்திற் குப்பை அள்ளும் ஏற்பாடு உயரவில்லை. கம்பெனிகளுக்கு அருகேயுள்ள லைன் வீடுகளில் தென்மாவட்டத்தாரும், பீகார், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வந்தவரும் குடியிருக்கின்றனர். தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போனபின் அவர்கள் குழந்தைகள் விளையாடுவது தெருவில். அந்தத் தெருவே நாயின் வாசஸ்தலமும். குழந்தையின் முகம் நாயின் வாயளவு உயரத்தில் இருப்பதால், பெரியவருக்குக் காலிற் படும் கடி குழந்தைக்குக் கன்னத்திலும் கழுத்திலும் படுகிறது. இரவு ஷிப்டு முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் தொழிலாளிகளை நாய்கள் துரத்த, அவர்கள் தடுமாறி விழுந்து எலும்பு முறிவது மற்றொன்று. நாய் கடிக்கவே இல்லை. ஆகையால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டிற் செல்லமாய் வளர்க்கும் பூனையும், கூண்டிலிருந்து வெளிவந்த கோழியும், சங்கிலியிற் கட்டுண்டதனால் ஓட வழியில்லாத காவல்நாயும் இக்கூட்டத்திடம் அகப்பட்டால் மீள்வதில்லை.

தெருநாயை மட்டும் வைது நிறுத்துவது நியாயமாகாது. செல்வம் வந்தவுடன் பங்களா வாசலில் ஒரு ராட்சத நாயைக் கட்டிவைப்பது நம்மவருட் சிலருக்கு அந்தஸ்தாயிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவொன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண்குழந்தையைக் கடித்துக் குதறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவை தெருநாய்களல்ல, வளர்ப்பு நாய்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய சர்க்கார் இத்தகைய இருபத்துமூன்று ஜாதி நாய்களைத் தடுக்கும்படி சுற்றறிக்கை விட்டது. உரியவர்களைக் கலந்துகொள்ளாமல் விட்ட காரணத்தால் கர்நாடக ஹைகோர்ட்டு ஏப்ரலில் அதனை ரத்துச் செய்தது. சுற்றறிக்கை நின்றாலென்ன, போனாலென்ன? தன் வசமுள்ள மிருகத்தால் பிறர் உயிருக்கு அபாயம் நேராதபடி பாதுகாக்கத் தவறுவது பாரதீய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. முதலாளி வீட்டு நாய்க்கும் அதுவே சட்டம்.

கடியினும் கொடியது கடிக்குப் பின் வருவது. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் அதற்கு மருந்தில்லை என்றே கொள்ளவேண்டும்; தோன்றுமுன் ஊசி போட்டால் அதைப்போல் எளிதில் தடுக்கத்தக்க நோயும் இல்லை. பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 1885-இல் நாய்கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் இந்தச் சிகிச்சை செய்தார். நம் பக்கத்தார்க்கு இதில் ஒரு விசேஷ பாத்தியதை உண்டு. இந்தியாவில் முதலாவது பாஸ்டர் நிலையம் 1900-இல் கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டுக்கென 1907-இல் நமக்கு எட்டினாற்போலிருக்கும் குன்னூரிலே ஏற்பட்டது. அந்நாளிலே நாய் கடித்தவர் குன்னூர் மலையேறியதைப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். பின்னர் வயிற்றைச் சுற்றிப் போட்டார்களே பதினான்கு ஊசி, அந்த மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. நாயாற் சாகும் ஆடு, நாய்கடித்த மனிதனைப் பிழைப்பிக்கவும் தன்னைக் கொடுத்தது! அம்மருந்து நம் தேசத்தில் 2004-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள ஊசி கையிலே போடப்படுவது. நாலைந்து முறையில் முடிந்துவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

இருந்தும் உலகத்தில் இந்நோயால் இறப்போரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியரே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிடுகின்றனர். காரணம் பெரும்பாலும் அலட்சியமும் கைவைத்தியமுமே. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், காப்பித்தூள் ஒன்றையும் அப்பாதீர்கள். கட்டுப்போடாதீர்கள். மந்திரிப்பவரிடம் போவதாயின், ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியிற் போங்கள், அவர் கோபித்துக்கொள்ளார். நாயின் பல் பட்டு இரத்தம் கசிந்திருந்தால், தடுப்பூசியோடு காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் மற்றொரு மருந்தும் வேண்டும். அதை டாக்டரிடம் கேட்டுப் பெறுங்கள். நாய் பத்து நாள் சாகாதிருக்கிறதா பார்ப்போம் என்று ஊசியைத் தள்ளிவைக்க வேண்டாம். ஊசி முதலில், பார்ப்பது பின்பு. முதல் ஊசியோடு நின்றுவிடுவோரும் உண்டு. கம்பெனியில் லீவு இல்லை என்பது காரணமாம். கம்பெனி நடத்தும் அங்கத்தினர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறோம். கடிபட்ட ஆடுமாடுகளுக்கும் இந்நோய் வரும். அவற்றின் வாயிலே கையை விட்டு மருந்து புகட்டுமுன் கால்நடை டாக்டரை அழையுங்கள். ஆடுமாடுகளுக்கும் கடித்தபின் போடும் ஊசி இருக்கிறது.

இனி, நீங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருவோம். இவ்வளவும் பேசுவானேன், இறைச்சித் துண்டில் விஷம் வைத்தால் ஒரே இரவில் ஒழிந்துபோமே என்கிறீர்கள். இருபது ஆடுகளை இழந்தவன் அப்படிக் கேட்பதில் நமக்கு வருத்தமேயன்றி வெறுப்பில்லை. ஆனால் விஷம் ஆள் பார்த்து உண்ணப்படுவதன்று. காகமும் கீரியும் பருந்தும் உண்ணும். பக்கத்துத் தோட்டத்துக் காவல்நாய் உண்ணும். வீட்டுக் குழந்தையின் கைக்கும் எட்டும். சட்டமும் விடாது: மிருகங்களை விஷமிட்டுக் கொல்வதற்கு மேற்படி சம்ஹிதையின் 325-ஆம் பிரிவு ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இவையெல்லாம் போக, அது பயன்படுவதுமில்லை. சென்னை நகரசபையார் நூறு வருஷத்துக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தனர். கடைசியில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் கொன்றனர் என்பர். நாய் குறைந்ததா? 1996-இல் அதைக் கைவிட்டு, புளூ கிராஸ் என்னும் ஜீவகாருண்ய ஸ்தாபனத்தாரோடு சேர்ந்து கருத்தடை முறையைக் கைக்கொண்டார்கள். குப்பைமேடு அப்படியே இருக்க நாயை மட்டும் நீக்கினால், அடுத்த ஊர் நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே சட்டம் காட்டும் வழி கருத்தடையும் தடுப்பூசியும். 2001-இல் ஏற்பட்டு, 2023-இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி அது உள்ளூர் ஸ்தாபனங்களின் கடமை; மாநகராட்சிக்கு மட்டுமன்று, பஞ்சாயத்துக்கும் கடமை. சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதி டில்லியில் நாய்களையெல்லாம் பிடித்து அடைக்க உத்தரவிட்டது. பதினொரு நாட்களுக்குப் பின் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடலாகாது, கண்ட இடத்தில் சோறிடலாகாது, குறித்த இடத்திலேயே இடவேண்டும் என்றனர். நவம்பர் 7-ஆம் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் முதலிய இடங்களில் உள்ள நாய்களை அப்புறப்படுத்தி மறுபடி அங்கே விடலாகாதென்றும் உத்தரவிட்டனர். இவற்றுள் நமக்கு வேண்டுவது, மூர்க்கமான நாயைத் திரும்ப விடலாகாது என்னும் பகுதி. பட்டியிற் புகுந்து ஆடு கொன்ற கூட்டம் மூர்க்கமானதல்லவென்று எந்த அதிகாரி சொல்வார்? ஆனால் வாயாற் கூச்சலிட்டால் நடவாது. தேதி, இடம், இறந்த ஆட்டின் தொகை, நாய்களின் அடையாளம், படம், கால்நடை டாக்டரின் பரிசோதனைச் சான்று இவ்வளவும் சேர்த்து மனுக் கொடுத்து, மனுவுக்கு ரசீதும் பெறவேண்டும். நிவாரணத்துக்கும் அந்தச் சான்றே ஆதாரமாதலால், கோபத்தில் ஆடுகளை உடனே புதைத்துவிட வேண்டாம்.

கருத்தடையைப் பற்றி ஒன்றை மறைக்கக்கூடாது. கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, ஆனால் கடிக்கும். அதன் பலன் சில வருஷம் கழித்தே தெரியும். அதுவும் ஓர் ஊரிலே நாலு நாய்க்குச் செய்து நாற்பதை விட்டுவிட்டால் ஒருகாலும் தெரியாது. தடுப்பூசி விஷயத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குப் போட்டாலன்றி வெறிநோய் அடங்காதென்பது அறிஞர் கணக்கு. அதுவரை பட்டியைக் காப்பது எவ்வாறு? கிளுவை வேலி மாட்டுக்குப் போதும், நாய்க்குப் போதாது. கொறங்காட்டின் ஒரு மூலையில் ஆடுகள் இராத்தங்குமளவுக்கு மட்டும் ஆளுயரத்துக்குக் கம்பிவலைப் பட்டி ஒன்று அமைத்து, வலையின் அடியை ஒரு முழமாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும். நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதில் வல்லது. பட்டி முழுவதையும் இராக்காலத்தில் வெளிச்சத்தில் வைக்கவேண்டும். அந்தியில் ஆடுகளை அதற்குள் அடைப்பது ஒரு தொல்லைதான். ஆயினும் நாலைந்து தோட்டத்தார் ஒருங்குசேர்ந்து ஒரு காவற்காரரை அமர்த்தினால், தனித்தனியே கிடைக்காத ஆள் கூட்டாகக் கிடைக்கக்கூடும். நம் பங்காளிகள் கூட்டாக ஒன்றைச் செய்வார்களா என்பது வேறு விஷயம்.

செலவைச் சொல்லுமிடத்து மற்றொன்றும் தோன்றுகிறது. ஐம்பது ஆடு வைத்திருப்பவர் வலை போடுவார்; மறியலுக்கும் போவார்; பத்திரிகையில் அவர் பேர் வரும். நம் தோட்டத்தில் கூலிக்கு வரும் குடும்பத்துக்கு இரண்டு வெள்ளாடுதான் சொத்து. மகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் மழைக்காலத்து அரிசியும் அவ்விரண்டே. அவை ஒரே நொடியில் போயின என்றால் அவர்கள் மனு எழுத அறியார். அறிந்தாலும் ஆபீசில் நிற்க ஒருநாட் கூலியை இழக்கமாட்டார். நாய்க்கு ஜாதி தெரியாது. நமது சங்கம் நம் குலத்தாருக்கானதே. எனினும் மனு எழுதிக் கொடுப்பதிலும் டாக்டரை அழைப்பதிலும் நம்மவர் ஆடு, அவர்கள் ஆடு என்று பிரிப்பது நமக்கு அழகன்று.

தெருநாய்க்குச் சோறிடும் புண்ணியவான்களும் இச்சபையில் இருக்கிறார்கள். அவர்களைப் பரிகசிப்பதில் நமக்குச் சம்மதமில்லை. நாய் பைரவர் வாகனம்; தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்தான் தருமபுத்திரன். ஆனால் அந்தக் கதையைச் சரியாகப் படிக்கவேண்டும். நாய் பின்தொடர்ந்தது; தருமன் அதைத் தன் பொறுப்பென்று ஏற்றுக்கொண்டான். நம்மவரோ சோற்றை வைத்துவிட்டு அப்பால் நடந்துவிடுகிறார்கள். ஊசி போடுவது யார், அறுவைக்குக் கொண்டுபோவது யார், அது கடித்தாற் கேட்பது யாரை என்றால் விடையில்லை. சோறிடும் கைக்கே நாய் அடங்கும். பிடிக்க வருபவனிடம் அடங்காது. ஆகையால் ஊர்நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுவருவதில் இப்புண்ணியவான்களைக் காட்டிலும் உபயோகமானவர் எவருமில்லை. அவர்களை வைது விரட்டுவதை விட்டு, கூட அழைத்துக்கொள்ளுதல் புத்தி.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. நாய் உறுமினால் ஓடாதீர்கள். ஓடினால் ஆடென்று எண்ணும். கையைக் கீழே விட்டு, கண்ணோடு கண் பாராமல், மரம்போல் நில்லுங்கள். பின்பு மெல்லப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டியோடிருக்கும் நாயையும் தொடாதீர்கள். கடித்தாலும் கீறினாலும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்கு முதலிற் கல்லெறிந்தது நீங்களேயானாலும் சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த கடியே உயிரைக் கொண்டுபோகிறது.

கடைசியாக, நிர்வாக சபையாரின் யோசனைக்குச் சிலவற்றை வைக்கிறோம். சங்க மண்டபத்தை வாடகைக்கு விடும்போது, எச்சிலிலையையும் மிஞ்சிய சோற்றையும் அன்றிரவே மூடின வண்டியில் அப்புறப்படுத்துவது வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பென்று ஒப்பந்தத்தில் எழுதி, தவறினால் முன்பணத்திற் பிடித்துக்கொள்ள வேண்டும். கிடாவெட்டு நடக்கும் நம் கோயில்களிற் பூசாரியைக் கலந்து ஆழமாய் ஒரு குழி தோண்டி, மூடியும் போடவேண்டும். கோயிற்காட்டில் அதற்கு இடமில்லையென்று எவரும் சொல்ல முடியாது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தத்தம் பண்ணையில் புதைகுழி இருக்கிறதென்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் காரியதரிசிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவர் பெயரை இப்பத்திரிகையில் வெளியிடலாம், அனுப்பாதவர் பெயரை வெளியிட வேண்டியதில்லை, ஊரார் கணக்குப் பார்த்துக்கொள்வர். உலக வெறிநோய்த் தடுப்பு நாள் செப்டம்பர் 28. பாஸ்டர் காலமான தினம் அது. அன்று காங்கயத்திலோ வெள்ளகோயிலிலோ ஒரு முகாம் நடத்த கால்நடைத் துறையாரை இப்போதே எழுதிக் கேட்டால், மழைக்கு முன் நம் தோட்டத்து நாய்களுக்காவது ஊசி போட்டுவிடலாம். பெட்டைகளுக்கு அறுவை செய்விக்கும் செலவில் ஒரு பகுதியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பதா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவுசெய்யலாம். நாயைக் கொண்டுவருவோர் சங்கிலியோடு கொண்டுவருக; சணற்கயிற்றை அது வரும் வழியிலேயே கடித்துவிடும்.